முதியோர் வார்டில் ஒரே ஒரு இடம்

1

எங்கள் மகள் பிரிசில்லாவுக்குப் போன வாரம் ஒரு செருப்புக் கடையில் இண்டர்வியூ. படிப்பை நிறுத்திவிட்டோமோ என்று ஊரில் யாரும் பதற வேண்டாம். இங்கே இங்கிலாந்தில் பதினாறு வயது ஆனதும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு கடையில் நின்று தங்கள் கைச்செலவைப் பார்த்துக்கொள்வார்கள். டாக்டர் பிள்ளையும் நிற்கும், பஸ் டிரைவர் பிள்ளையும் நிற்கும். நமக்குத்தான் மனசு கேட்காது.

எழுந்தாள், தலையை விரலாலேயே ஒரு கோது கோதினாள், முட்டி கிழிந்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவர்கள் இன்னா கேட்பார்கள் என்று கொஞ்சமாவது யோசித்தாயா என்று கேட்டேன். அதெல்லாம் வேண்டாம் டாடி, நான் நானா இருந்தா போதும் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். தமிழில் கேட்டால் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஆம்பூரில் ஒருவன் அவனாகவே இண்டர்வியூவுக்குப் போனால் வாட்ச்மேன் வேலைகூடக் கிடைக்காது. நாங்களெல்லாம் வேறு யாராவது போலத்தான் போவோம். அண்ணன் சட்டை, சித்தப்பா பெல்ட். ஊரே உலகத்துக்கு ஷூ தைத்து அனுப்பும் ஊர், ஆனால் இண்டர்வியூவுக்குப் போட்டுக்கொள்ள எங்கள் தெருவுக்கு மொத்தமும் ஒரே ஒரு ஜோடிதான், என் தோஸ்த் சலீமுடையது. அவன் பாதம் சின்னது. அதற்குள் காலைத் திணித்துக்கொண்டு தொண்ணூறுகளில் எங்கள் தெருவிலிருந்து எத்தனையோ பேர் நொண்டி நொண்டி ஃபேக்டரி ஃபேக்டரியாக ஏறியிருக்கிறோம். நான் வேலை வாங்கியதும் அதே ஷூவில்தான்.

இந்த வீர வரலாற்றை எல்லாம் என் மனைவி சுகுணாவிடம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோதே பெண் திரும்பி வந்தாள். வேலை கிடைத்துவிட்டதாம், வருகிற சனிக்கிழமையே வரச் சொல்லிவிட்டார்களாம். சுகுணா விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னாங்க, நானும் அப்டித்தானே வாங்கினேன்?” என்றாள்.

வாங்கினாள்தான். அதை எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

2

எங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் ஒரு கம்பெனியில் நான் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்தேன். சுகுணா வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். 2002இல் சென்னை ஏஜென்சி ஒன்று அவளை இங்கே ஒரு முதியோர் இல்லத்துக்கு எடுத்தது. பின்னாலேயே நானும் பிள்ளையும் வந்தோம். அவள் நர்ஸ், நான் நர்ஸின் வீட்டுக்காரன். என் பாஸ்போர்ட்டிலேயே அப்படித்தான் முத்திரை குத்தியிருக்கிறார்கள், சார்ந்திருப்பவர் என்று. ஆம்பூரில் என் முன்னால் ஐம்பது பேர் கைகட்டி நின்றார்கள். இங்கே பிஸ்கட் ஃபேக்டரியில் பெட்டி ஒட்டுகிறேன். அதை விடுங்கள்.

2006இல் அந்த முதியோர் இல்லத்தை முதலாளி விற்றுவிட்டார். வாங்கியவர் இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டப்போகிறார் என்றார்கள். உள்ளூர் நர்சுகளுக்கு இது ஒரு பேஜார், அவ்வளவுதான். அடுத்த தெருவில் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். எங்கள் கதை அப்படி இல்லை. இங்கே இருக்கும் அனுமதியே அந்த ஒரு இல்லத்தின் பேரில்தான் எழுதப்பட்டிருந்தது. இல்லம் மூடினால் அனுமதியும் மூடும். வேறு ஒரு ஆஸ்பத்திரி எங்களுக்கு இவள் வேண்டும் என்று கேட்டு எழுதினால்தான் இருக்கலாம். அப்படிக் கேட்பதற்கு முன்னால் இந்த நாட்டுக்காரர், ஐரோப்பாக்காரர் யாரும் அந்த வேலைக்கு அமையவில்லை என்று அவர்கள் காட்ட வேண்டும். அந்த வருஷம் சட்டத்தை இன்னும் இறுக்கியிருந்தார்கள். எந்த ஆபீசுக்குப் போன் போட்டாலும் ஒரு பாட்டைப் போட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள், அப்புறம் இது எங்கள் பிரிவு இல்லை என்பார்கள்.

எங்கள் டவுன் ஆஸ்பத்திரியின் முதியோர் வார்டில் ஒரே ஒரு இடம் காலி இருந்தது. சுகுணா போட்டாள். செல்வியும் போட்டாள்.

செல்வி ஒடுகத்தூர்ப் பக்கம். வீட்டுக்காரர் நிலத்தில் வேர்க்கடலை போடுகிறவர். கவர்மெண்ட் காலேஜில் நர்சிங் படித்துவிட்டு, சுகுணாவுக்கு ஒரு வருஷம் கழித்து அதே ஏஜென்சி மூலம் அதே இல்லத்துக்கு வந்தவள். கைக்குழந்தையாக இருந்த மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அனுமதி நிலைத்துவிட்டால் புருஷனையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகுணாவை அக்கா என்பாள், என்னை அண்ணா என்பாள், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

வேலை ஒன்று, வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்குக் கிடைத்தால் இன்னொருத்தி பெட்டி கட்ட வேண்டியதுதான்.

3

இண்டர்வியூவுக்குத் தயார் செய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஷூ வாங்கும் பையர்கள் வரும்போது ஃபேக்டரியைத் தயார் செய்தவன் இல்லையா? அவர்கள் எந்த ஷூவைக் கையில் எடுப்பார்கள், எந்தத் தையலை விரலால் தடவுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். நர்ஸிடம் என்ன கேட்பார்கள் என்று மட்டும் சொல்ல முடியாதா என்ற திமிர்.

முதல் நாளே தகராறு. சமையலறை மேசையில் நானும் பிரிசில்லாவும் இண்டர்வியூ செய்பவர்களாக உட்கார்ந்தோம். சுகுணா செல்வியையும் கையோடு அழைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். ரெண்டு கம்பெனி சாம்பிளையும் ஒரே டேபிளில் வைத்து யாராவது பழக்குவார்களா என்று அவளைத் தனியாக இழுத்துக் கேட்டேன். “அவளுக்கு யாருங்க இருக்காங்க இங்க?” என்றாள். அதற்கு மேல் அவளிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும்.

ஆக, இரண்டு பேருக்கும் பாடம். பிரிசில்லாவுக்கு அப்போது பதின்மூன்று வயது, எங்கள் மூவரையும்விட இங்கிலீஷ் ஜாஸ்தி. நோயாளி எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்று சுகுணா சொன்னதும், பாலும் ரொட்டியும்தான் எக்ஸ்பயர் ஆகும், மனுஷங்க எக்ஸ்பயர் ஆகமாட்டாங்க, செத்துப்போனாங்கன்னு சொல்லணும் என்று திருத்தினாள். செத்துப்போனார் என்று வாயால் சொல்ல சுகுணாவுக்கு வரவே இல்லை. அது மரியாதை இல்லை என்றாள். ஆமாம் என்பதற்குத் தலையை இடமும் வலமும் ஆட்டாதே, அவர்களுக்கு அது இல்லை மாதிரி தெரியும் என்றேன் நான், என் தலையை ஆட்டிக்கொண்டே. செல்விக்கு இன்னொரு தொல்லை. டாக்டராக நடிக்க நான் எழுந்தால் அவளும் சட்டென்று எழுந்து நின்றுவிடுவாள். உட்காரும்மா, இது வேலூர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவள் கால்கள் கேட்கவில்லை. சிரித்துச் சிரித்து ஆறிப்போன டீயைத் திரும்பச் சுடவைப்போம்.

நாங்கள் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். ஒவ்வொரு நாளும் பாடம் தொடங்கும் முன் ஜெபம் பண்ணினோம்.

எங்கள் ஜில்லாவில் மேலே ஒரு வார்த்தை சொல்லாமல் எதுவும் ஆரம்பிக்காது. ஷிப்மெண்ட் கிளம்பும்போது எங்கள் முதலாளி பாய் கையேந்தி துவா கேட்பார். கட்டிங் மாஸ்டர் கோவிந்தசாமி லாரி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். நான் ஓரமாக நின்று, ஆண்டவரே ரிஜக்‌ஷன் வராமப் பாத்துக்கும் என்பேன். லாரி ஒன்று, சிபாரிசு மூன்று. யாருக்கும் அதில் வருத்தமே இருந்ததில்லை. சுகுணாவின் ஆஸ்பத்திரியிலோ டியூட்டி மாறும்போது ஜெபம், ஆபரேஷனுக்கு முன் ஜெபம், மீட்டிங்குக்கு முன் ஜெபம். அதற்கு ஒரு வழக்கமும் உண்டு. பெரியவர் ஆரம்பிக்கலாமா என்பார், அந்த அறையில் இருப்பவர்களில் பதவியில் சின்னவர் ஜெபிக்க வேண்டும். அவளை வேலைக்கு எடுத்த இண்டர்வியூவே அப்படித்தான் தொடங்கியதாம்.

முதியோர் இல்லத்துக்கு இங்கே யாரும் அவளை இண்டர்வியூ செய்யவில்லை, ஏஜென்சியே எல்லாம் முடித்துவிட்டது. ஆகவே இங்கிலீஷ்காரர்கள் முன்னால் அவள் உட்காரப்போவது அதுதான் முதல் தடவை. எங்கள் சமையலறையிலும் நான் ஆரம்பிக்கலாமா என்பேன், அவள் கண்ணை மூடுவாள். செல்வி இந்து. அவளும் கைகூப்பிக் கண்மூடி நிற்பாள். தலையாட்டலைத் திருத்தினோம், எக்ஸ்பயரைத் திருத்தினோம், இதைத் திருத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

4

அன்றைக்கு இரண்டு பேரையும் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். முதலில் சுகுணா, அடுத்து செல்வி. நான் காரிலேயே உட்கார்ந்துகொண்டேன். உள்ளே நடந்தது சாயங்காலம் சுகுணா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வார்டு மேனேஜர், நரைத்த தலை, வாட்டசாட்டமான அம்மா. ஒரு பக்கம் டாக்டர், மறு பக்கம் ஆபீஸ்காரப் பெண். வணக்கம் சொன்னார்கள், தண்ணீர் வேண்டுமா என்றார்கள். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆரம்பிக்கலாமா என்றார்.

அந்த அறையில் சின்னவள் சுகுணாதான். தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதல் வரி இங்கிலீஷ். அடுத்த வரியிலேயே தமிழுக்கு வந்துவிட்டாள். கடவுளிடம் இங்கிலீஷ் பேசி அவளுக்குப் பழக்கம் இல்லை. காலையிலிருந்து உட்கார்ந்து கேள்வி கேட்டுக் களைத்திருக்கும் இவர்களுக்குப் பெலன் தாரும் என்றாளாம். வார்டில் படுத்திருக்கிற பெரியவங்களை நினைத்தருளும் என்றாளாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“வெளிய செல்வி உக்காந்திருக்கா ஆண்டவரே. புள்ளைய விட்டுட்டு வந்திருக்கா. அவளுக்கு எது நல்லதோ அத செய்யும். செல்விய கைவிடாதேயும்.”

முடித்தாள். ஆமென் சொல்ல ஆளில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணைத் திறந்தால் டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆபீஸ்காரப் பெண் பேனாவைத் தூக்கியபடி வாயில் ஈ போவது தெரியாமல் இருக்கிறாள்.

நானாக இருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து ஓடி வந்திருப்பேன். இவள் ஓடவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம் இது, இங்கே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது, மன்னியுங்கள் என்றாளாம். வார்டு மேனேஜர் சிரிக்கவில்லை. நோயாளிகள் பக்கத்திலும் இப்படிச் செய்வீர்களா என்று நேராகக் கேட்டார். நாங்கள் பழக்கிய கேள்விகளில் இது இல்லை.

சுகுணா சொன்ன பதிலை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். “கேக்காதவங்களுக்குப் பண்ண மாட்டேன். கேட்டவங்களுக்கு மாட்டேன்னு சொல்ல மாட்டேன், அவங்க எந்தச் சாமிய கும்பிடறவங்களா இருந்தாலும்.”

அந்த அம்மா அடுத்த கேள்விக்குப் போனாராம். சாப்பிட மறுக்கும் முதியவரை என்ன செய்வீர்கள் என்பது. அதை நாங்கள் பழகியிருந்தோம், நான் ஒரு பெரிய பதில் தயார் செய்து கொடுத்திருந்தேன். இவள் அதை எல்லாம் விட்டுவிட்டு, முதலில் நான் உட்காருவேன், நின்றுகொண்டு ஊட்டினால் யாருக்குச் சாப்பாடு இறங்கும் என்று சொல்லியிருக்கிறாள்.

கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. காரணம் செல்வி. அவள் அந்தக் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து திடீரென்று தமிழ் வருகிறது, அதில் அவள் பேர் வருகிறது. அவளைக் கூப்பிட்டபோது கண்ணீரோடுதான் உள்ளே போயிருக்கிறாள். முதல் கேள்விக்கே தேம்பிவிட்டாள். தண்ணீர் கொடுத்தார்கள், நேரம் கொடுத்தார்கள், பாதிக்குப் பாதி பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து கதை தெரிந்ததும் நான் கத்தினேன். தன் இண்டர்வியூவில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவளுக்குச் சிபாரிசு பண்ணின ஆளை உலகத்தில் நான் பார்த்ததில்லை என்றேன். நான் மனுஷங்ககிட்ட பண்ணலியே என்று சொல்லிவிட்டுச் சாதம் வைக்கப் போனாள். பிரிசில்லாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் இது தெரியக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

5

சில நாள் கழித்து அந்த வார்டு மேனேஜர் அம்மாவே போன் செய்தார். வேலை சுகுணாவுக்கு. அனுமதிக் காகிதங்களை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும், சம்மதம் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். நான் சமையலறையிலேயே முட்டி போட்டுவிட்டேன். சுகுணா, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள்.

யோசிப்பதற்கு இன்னா இருக்கிறது என்று கேட்டேன். அந்த வேலை தனக்கு வேண்டாம் என்றாள். நான் வாய மூடிக்கினு இருந்திருந்தா அவ அழுதிருக்க மாட்டா, அவ வாயிலிருந்து புடுங்கினதை நான் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். கெஞ்சினேன், மிஞ்சினேன். ஆம்பூரில் என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாகிவிட்டது, வீட்டில் குடித்தனக்காரர் இருக்கிறார், தமிழில் நாலு வரி எழுதக்கூட மறந்துவிட்ட பிள்ளையை எந்த ஸ்கூலில் சேர்ப்பது? எதற்கும் அவளிடம் பதில் இருந்தது, ஒரே பதில். வியாழக்கிழமை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு நானே செல்விக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு முந்தின நாளே மறுப்புக் கடிதம் வந்திருந்தது. அவளிடம் போய் உதவி கேட்கிறேன் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டியூட்டி உடுப்போடு செல்வி வந்தாள். சுகுணா அடுப்படியில் நின்றிருந்தாள். பேச வாயெடுத்தவளைச் செல்வி நிறுத்தினாள்.

“நீங்க பேசாதீங்கக்கா, நான் பேசறேன். அழுதேன், வேல போச்சு, அது நெசந்தான். ஆனா பயந்துக்கினு அழல. இங்க வந்ததுல இருந்து என் பேர யார் கூப்ட்டாலும் எதுனா ஒரு வேல சொல்றதுக்குத்தான் கூப்ட்டாங்க. நான் இல்லாத எடத்துல, எனக்கு ஒரு நல்லது வேணும்னு, ஒருத்தர் என் பேர சொன்னத அன்னிக்குத்தான் கேட்டேன். அதுவும் உங்களுக்கு வேல வேண்டிய நேரத்துல.”

சுகுணா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். செல்வி விடவில்லை.

“வேணாம்னு சொன்னீங்கன்னா என்னையா கூப்புட போறாங்க? வேற யாரோ வருவாங்க. நானும் நீங்களும் ஒண்ணா ஃப்ளைட்டு ஏறலாம், அவ்ளோதான். நான் டிக்கெட் பாக்கச் சொல்லிட்டேன்க்கா. என் புள்ள என்னைப் பாத்து யாருன்னு கேக்கறதுக்குள்ள நான் போவணும். இப்ப போன் பண்ணுங்க. என் எதிர்லயே பண்ணுங்க.”

நான் நம்பரைப் போட்டு ரிசீவரைச் சுகுணாவிடம் கொடுத்தேன். செல்வி அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அந்த அம்மா எடுத்தார். சுகுணா தன் பேரைச் சொல்லி நிறுத்தினாள். செல்வி கையை ஒரு அழுத்து அழுத்தினாள். வருகிறேன் என்று சுகுணா இங்கிலீஷில் சொல்லி முடிக்கும் வரை அவள் அந்தக் கையை விடவில்லை.